கழித்தல் குறி

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
இறாலும் வஞ்சிரமும் அடுக்கிய ஆறு குளிர் அறைகள்.
ஏழாவதில் மீன் இல்லை.
நானும் நாற்பத்தெட்டு வட்டுகளும்.
வெள்ளிக்கிழமை இரவு. வெளியே நாற்பத்தொரு டிகிரி,
உள்ளே எனக்கு ஸ்வெட்டர்.

புதுக் கோப்பு முறைமைக்கு மாறுகிறோம்.
"இலவசமா?" என்று மூன்று முறை கேட்டார் ஹிலால்.
மீன் ஏலத்தில் வளர்ந்த முதலாளி,
விலை சொல்லாத சரக்கைத் தொட மாட்டார்.
"உடைந்தால் யாருக்குப் போன் போடுவது?"

பழையதற்கு ஒரு கம்பெனி இருந்தது,
ஒரு கட்டணமில்லா எண்,
காத்திருக்கையில் ஒலிக்கும் பியானோ.
புதியதை எழுதியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள்;
'சோதனை நிலை' என்ற சொல்லை
அதன் நெற்றியிலிருந்து அழித்தே
ஒரு வருஷம் ஆகவில்லை.
எனக்குப் போடுங்கள் என்றேன்.
என் விசா பிப்ரவரி வரை.
அவர் அதைக் கேட்கவில்லை,
நான் சொல்லவுமில்லை.

அதன் குணம் எனக்குப் பிடித்திருந்தது.
எழுதியதன் மேல் எழுதாது.
புது வரியைப் புது இடத்தில் ஊன்றி
நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே
பழையதைக் கைவிடும்.
ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு
முடிந்து வைத்துக்கொள்ளும்;
திரும்பக் கேட்கும்போது எண் பொருந்தாவிட்டால்
தராது.
தெரியாது என்று சொல்லும்.
பதினாறு வருஷ வேலையில்
அப்படிச் சொன்ன இயந்திரம் இதுதான் முதல்.
மனிதர்கள் இரண்டு பேர் தேறுவார்கள்.

வெப்பநிலைப் பதிவுகள் ஏறத் தொடங்கின:
அறைக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று, பதினொரு வருஷம்.
அன்றன்று எடுத்து வைத்த நாடாவோடு
வரிக்கு வரி ஒப்பிடவிட்டு
காலை நீட்டி உட்கார்ந்தேன்.
இரண்டு இருபதுக்கு
ஒரே ஒரு வரி சிவப்பில் நின்றது.

நான்காம் அறை. அக்டோபர். அதிகாலை மூன்று ஏழு.
நாடாவில்: கழித்தல் பதினெட்டு.
வட்டில்: பதினெட்டு.

ஒரு பிட்.
எழுதி எத்தனை நாள் கழித்தோ
ஒன்று பூஜ்யமாகிக் கிடக்கிறது.
கெட்ட மீன் நாறும்.
கெட்ட எண் நாறுவதில்லை.

அந்த வரியை எனக்குத் தெரியும்.
ஜனவரியில் ஒரு கன்டெய்னர் திரும்பி வந்த வாரம்
அதை அச்செடுத்து மேலே கொடுத்தவன் நான்.
கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினான் என்று
டீகாராமை அனுப்பினார்கள்,
இரண்டு மாதச் சம்பளம் பிடித்தம் போக
காத்மாண்டுவுக்கு ஒருவழி டிக்கெட்.
"மூடினேன் பாய்" என்று அவனுடைய இந்தியில்
நாலு பேரிடம் சொன்னான்.
நாலு பேரும் வட்டை நம்பினோம்.

ஒரே நிமிடத்தில் முப்பத்தாறு டிகிரி ஏறி
அடுத்த நிமிடமே இறங்க
எந்தக் கதவால் முடியும் என்று
யாரும் கேட்கவில்லை.
எனக்குக் கணக்கு வரும்.
நானும் கேட்கவில்லை.

விடிவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது.
முதல் முழுச் சோதனை: பிழை இல்லை.
ஹிலால் கரக் வாங்கி வந்தார், இரண்டு கப்.
"ஓடுகிறதா?"
"ஓடுகிறது."
படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்றொரு கட்டம்.
இடம் மிச்சம், செலவு மிச்சம் என்று எழுதினேன்.
அதற்குத்தான் கையெழுத்து விழும்.

அவர் போன பிறகு
டீகாராமின் பழைய எண்ணுக்குப் போட்டேன்.
பதிவு செய்த பெண்குரல்
நேபாளியில் ஏதோ சொல்லிவிட்டு
மறுபடி அதையே சொன்னது.

இரும்பு அலமாரியில் அந்த அச்சுத்தாள்
இன்னும் இருந்தது, கீழே என் இனிஷியல்.
பேனாவை எடுத்து
பதினெட்டுக்கு முன்னால்
ஒரு சிறு கோடு போட்டேன்.
தாள்
ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.